வெள்ளியங்கிரி ஏறிய காலுக்குப் பனிச்சரிவு பயம் வேண்டுமா?

2025 நவம்பர் 2, காலை. கேட்டவர்: பொள்ளாச்சித் தம்பி

வெள்ளியங்கிரியை ஒன்பது முறை ஏறியிருக்கிறேன். போன சிவராத்திரிக்கு இரவு பத்து மணிக்குப் பூண்டியில் கிளம்பி, விடிவதற்குள் ஏழாவது மலையில் இருந்தேன். வரும் ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் உத்தரகண்டில் சங்க்ரி கிராமம் வழியாகக் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறோம். "அந்தப் பாதையில் பனிச்சரிவு வராது, உடம்பு திடமாக இருந்தால் போதும்" என்று ஏற்பாடு செய்பவர் சொல்கிறார். அம்மா தொலைக்காட்சியில் ஏதோ பார்த்துவிட்டுப் பயப்படுகிறார். அவரிடம் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

நவம்பர் 2, இரவு

அம்மாவுக்கான பதில் இருக்கட்டும் தம்பி. முதலில் உங்களுக்கு.

உடம்புத் திடத்துக்கும் பனிச்சரிவுக்கும் சம்பந்தமே இல்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டாண்டா என்ற சிகரத்தில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் பதினாறு நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டிலும் மகாலுவிலும் ஏறியவர். அவரைவிடத் திடமான கால் உங்கள் ஆறு பேரில் யாருக்கு இருக்கிறது?

நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. நடக்கும் சரிவு எத்தனை டிகிரி? கடைசி மூன்று நாளில் எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? "திரும்பலாம்" என்று சொல்லும் அதிகாரம் குழுவில் யாருக்கு? முப்பது டிகிரிக்குக் குறைவான சரிவு என்றால் பயமில்லை. மற்றதை நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 3

டிகிரி விஷயம். கிரஷரில் ஜல்லியைக் கொட்டினால் குவியல் ஒரு சாய்வு வரைக்கும் நிற்கும், அதற்கு மேல் கொட்டக் கொட்டச் சரிந்துகொண்டே இருக்கும். பனி வேறு மாதிரி. அது ஒட்டும், அடுக்கடுக்காகப் படியும், பிறகு ஓர் அடுக்கு மொத்தமாக, பலகைபோல, கழன்று வரும். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பலகைதான். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரையிலான சரிவில்தான் இது அதிகம் நடக்கிறது. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி பெரிதாகச் சேர்வதற்குள் உதிர்ந்து உதிர்ந்து கொட்டிவிடும். மிகவும் சாய்வு குறைந்தால் கழன்றாலும் ஓடாது. ஆக, உட்கார்ந்து சறுக்கினால் எவ்வளவு ஆனந்தமாக இருக்கும் என்று மனம் துள்ளும் சரிவு எதுவோ, அதுதான் ஆபத்தான சரிவு.

கண்ணால் மதிப்பிட முடியாது. காற்றாலைப் பராமரிப்பில் இருபது வருடமாக இருக்கிறேன், சாய்வு பார்ப்பது என் தொழில். ஆனாலும் மலையில் என் மதிப்பீடு ஐந்து டிகிரி வரை தவறியிருக்கிறது. கைபேசியில் சாய்வுமானி இருக்கிறது. அது குளிரில் அணைந்துவிட்டால், வெள்ளியங்கிரிக்குக் கொண்டுபோகிறீர்களே, அதேபோல் சம நீளத் தடிகள் இரண்டு போதும். ஒன்றைச் சரிவில் செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னொன்றை அதன் பாதி உயரத்திலிருந்து மலையை நோக்கிக் கிடைமட்டமாக நீட்டுங்கள். முனை சரியாகப் பனியைத் தொட்டால் ஏறக்குறைய 27 டிகிரி. முழுத் தடியும் நீளுமுன்பே பனி தடுத்தால் அதைவிடச் செங்குத்து. அங்கே நின்று யோசியுங்கள். உச்சி உயரத்திலிருந்து நீட்டியும் சரியாகத் தொட்டால் 45.

இதை இங்கேயே பழகலாம். வெள்ளியங்கிரி அடுத்த பிப்ரவரியில்தான் திறக்கும். அதுவரை வாய்க்கால் மேட்டில் பழகுங்கள்.

நவம்பர் 3, சற்றுப் பிறகு

"முப்பதுக்குக் குறைவு என்றால் பயமில்லை" என்று நேற்று எழுதியது தவறு. அழிக்காமல் விடுகிறேன், படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும். நீங்கள் நிற்கும் தரை சமமாக இருக்கலாம். உங்கள் தலைக்கு மேலே முப்பத்தெட்டு டிகிரிச் சரிவு இருந்தால், அங்கே கழன்றது உங்களிடம் வந்துதான் நிற்கும். அடியில் உள்ள அடுக்கு மோசமாக இருந்தால், சமதரையில் நீங்கள் வைக்கும் காலடியே மேலே உள்ள சரிவைக் கழற்றிவிடும். காலடியில் உள்ள சாய்வைப் பார்க்கும்போதே தலைக்கு மேலுள்ளதையும் பாருங்கள். ஓடைப் பள்ளங்களில் நிற்கவே கூடாது. சிறிய பனிச்சரிவுகூட அங்கே ஆளை ஆழமாகப் புதைத்துவிடும்.

நவம்பர் 6

"பனி ஊட்டியிலும்தான் கொட்டுகிறது, யாரும் சாகவில்லையே" என்று மேட்டுப்பாளையத்துக்காரர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டது எனக்குப் பல நாளாக உறுத்தும் ஒரு விஷயத்தைத் தொடுகிறது. மார்கழி விடியலில் வயல்மேல் நிற்பதும் நமக்குப் பனி, புல்நுனியில் சொட்டுவதும் பனி, இமயமலையில் இடுப்பளவு கிடப்பதும் பனி. ஒரே சொல். அதனால் அதை ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். கிணறு வெட்டும்போது மேலே செம்மண், அடுத்துச் சுக்கான், அதற்குக் கீழே பாறை என்று அடுக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். பனியிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஊட்டி உறைபனியையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்குந்தாவில் காற்றில்லாத, மேகமில்லாத ஜனவரி இரவுக்குப் பிறகு புல்லெல்லாம் வெள்ளையாக, சிறு இறகுகள் ஒட்டியதுபோல் இருக்கும். அதே இறகுகள் இமயத்தில் பனிப்பரப்பின் மேல் வளரும். பார்க்க அத்தனை அழகு. மறுநாள் அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடினால், அந்த இறகு வரிசை இரண்டு அடுக்குகளுக்கு இடையே கண்ணாடித்துண்டுகள் நிறுத்தியதுபோல் நிற்கும். வாரக்கணக்கில் நிற்கும். எடை ஏறும் ஒரு நாளில் மொத்தமாகச் சாயும்.

இன்னொன்று அடியில் நடப்பது. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில் இருக்கும், மேற்பரப்பு கடுங்குளிரில் இருக்கும். அரை மீட்டர் பனி, மேலே மைனஸ் பத்து என்றால் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்கு மேல் போனாலே, அடியிலிருந்து நீராவி மேலேறி, மணிகள் முனை முனையாக வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்விடும். பனி குறைவாகவும் குளிர் அதிகமாகவும் இருக்கும் டிசம்பர், ஜனவரி இதற்குத் தோதான காலம். "இந்த வருடம் பனி கம்மிதான், அதனால் பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், அஸ்கா என்கிற வெள்ளைச் சீனி விரலிடுக்கில் ஓடிவிடும். ஒரு தாம்பாளத்தில் அஸ்காவைப் பரப்பி, அதன்மேல் கோதுமை மாவை நன்றாக அழுத்தி மூடுங்கள். தாம்பாளத்தை மெல்லச் சாயுங்கள். மாவு கொஞ்சம் கொஞ்சமாக உதிராது, வெடிப்பு விட்டு முழுசாக இறங்கும். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள் தம்பி.

நவம்பர் 7

காற்று. இதை எழுதாமல் விட்டால் உடுமலையில் பிழைப்பு நடத்துவதற்கே அர்த்தமில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசி தொடங்கி எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆடியில் எங்கள் தளத்துச் சுற்றுச்சுவரைப் பார்த்தால், காற்று மோதும் பக்கம் தரை சுரண்டிவிட்டதுபோல் கிடக்கும். மறுபக்கம் முழங்கால் உயரத்துக்குப் புழுதி மேடு. மழை வேண்டாம், புது மண் வேண்டாம், இருப்பதை எடுத்து அந்தப் பக்கம் சேர்த்துவிடும். மலைமுகட்டில் பனிக்கும் இதே கதி. வானிலிருந்து விழுவதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்று மறுசரிவில் பனியைக் குவித்துவிடும். ஊரில் அரையடி பனி என்று செய்தி வரும், அந்தச் சரிவில் நாலடி ஏறியிருக்கும். வழியெல்லாம் மணிகள் உடைந்து பொடியாகிப் போவதால் நெருக்கமாக அடைந்து பலகையாகிறது. மேலே மிதித்தால் உறுமித்தோலைத் தட்டியதுபோல் வெற்று ஓசை கேட்கும்.

முகட்டு விளிம்பில் ஓட்டு வீட்டுத் தாழ்வாரம்போல் பனி நீட்டிக்கொண்டு நிற்கும். படம் எடுக்க அதன்மேல் போய் நிற்காதீர்கள். அது நீங்கள் நினைக்கும் இடத்தில் உடையாது, இன்னும் உள்ளே தள்ளி உடையும்.

நவம்பர் 11

"சொந்த அனுபவம் ஏதாவது உண்டா, இல்லை படித்ததுதானா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

2018 மார்ச். உத்தரகண்டின் கர்வாலில் ஒரு கணவாய். உடுமலை, தாராபுரம், ஈரோடு என்று ஏழு பேர். ஆளுக்குப் பதினொரு நாள் விடுப்பு, இரண்டு வருடமாகச் சேர்த்த பணம், திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் கையில். மரங்கள் முடியும் உயரத்துக்குக் கீழே கூடாரம் போட்ட அன்று பனி தொடங்கியது, இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது வானம் துடைத்துவிட்டதுபோல் நீலம். அப்படி ஒரு காலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லோரும் பூட்ஸைக் கட்டத் தொடங்கிவிட்டோம்.

வழிகாட்டி அந்தப் பள்ளத்தாக்குக் கிராமத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். "இன்று ஒரு நாள் இருங்கள்" என்றார். காரணம் சொல்லத் தெரியாமல் இல்லை. எங்கள் இந்தியும் அவர் இந்தியும் பாதி வழியில்தான் சந்தித்துக்கொண்டன. வாதாடியவன் நான். இன்று தாண்டாவிட்டால் ரயில் போய்விடும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிளம்பிவிட்டார், ஆனால் பாதையை விட்டு விலகி முகட்டோரமாகவே கூட்டிப்போனார்.

மரங்கள் முடிந்து ஒரு சமதரைக்கு வந்தோம். நான் மூன்றாவது ஆள். காலை வைத்தேன். லாரியிலிருந்து மஞ்சள் மூட்டையைக் கிட்டங்கித் தரையில் போட்டால் ஒரு ஓசை வருமே, அடிவயிற்றில் கேட்கும் ஓசை, அது என் காலுக்கடியிலிருந்து வந்தது. கால் மட்டும் இறங்கவில்லை. சுற்றியுள்ள தரை மொத்தமும் இரண்டு விரற்கடை இறங்கியது. எனக்கு முன்னால் ஒரு வெடிப்பு தென்னை நீளத்துக்குக் கோடுபோல் ஓடியது. பிறகு அமைதி.

பெரியவர் கையைத் தூக்கினார். யாரும் பேசவில்லை. வந்த காலடியிலேயே, ஒருவருக்கொருவர் நிறைய இடைவெளி விட்டுத் திரும்பினோம். அந்த ஓசை அடியிலுள்ள அஸ்கா அடுக்கு நொறுங்கிய ஓசை. சமதரை என்பதால் பலகை போக இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்தது. நாங்கள் குறுக்கே கடக்க இருந்த சரிவு அங்கிருந்து முந்நூறு அடி தூரம்.

நவம்பர் 12

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. முக்கியமான பாதியை விட்டுவிட்டேன்.

அந்தச் சரிவிலிருந்து அன்று பனி கழன்று வரவில்லை. அன்று மாலை வரை கூடாரத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. மறுநாள் காலை நாங்கள் இறங்கும்வரை அது அப்படியே இருந்தது. தாராபுரத்து நண்பர் இன்றுவரை சொல்கிறார், "கடந்திருக்கலாம்" என்று. அவர் சொல்வது பொய் என்று என்னால் நிரூபிக்க முடியாது.

தம்பி, உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். கடந்திருந்தால், வராமலும் இருந்திருந்தால், நாங்கள் ஏழு பேரும் "நம் கணக்கு சரி" என்று ஊர் திரும்பியிருப்போம். அடுத்த முறையும் அப்படியே செய்திருப்போம். மற்ற தொழில்களில் தப்புச் செய்தால் கை சுடும், கற்றுக்கொள்வோம். பனிச்சரிவு, தப்புச் செய்தவனையும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிடுகிறது. "அந்தப் பாதையில் வராது" என்று உங்கள் ஏற்பாட்டாளர் சொல்வதற்கு அர்த்தம், "இதுவரை வரவில்லை". அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் யார் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பெயர் சொல்லப்போவதில்லை. அவசரப்பட்டவன் நான்.

நவம்பர் 15

குன்னூரிலிருந்து ஒரு முன்னாள் ராணுவத்துப் பெரியவர் சியாச்சினை நினைவூட்டியிருக்கிறார். நான் எழுதியிருக்க வேண்டியது. 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனில் பணியாற்றியவர்கள். அந்த ரெஜிமென்டின் மையம் வெலிங்டனில் இருக்கிறது, கோவையிலிருந்து கூப்பிடு தூரம். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாளைக்குப் பிறகு உயிரோடு எடுக்கப்பட்டார், பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். பனிச்சரிவு நமக்குத் தொலைவான விஷயம் என்று இங்கே சிலர் எழுதியபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நம் மாநிலத்தின் சில ஊர்களுக்கும் அந்த உடல்கள் வந்து சேர்ந்தன.

ஆனால் ஐயா, ஒரு வேறுபாடு உண்டு. அங்கே சரிந்தது ஒரு பனிக்கட்டிச் சுவர். நாம் இங்கே பேசும் பலகைச் சரிவு வேறு. இதைப் பெரும்பாலும் கழற்றிவிடுவது, மாட்டிக்கொண்டவரோ அவருடன் நடந்தவரோதான். அந்த வீரர்களுக்கு அங்கே இருப்பது கடமை. நமக்குப் போகாமல் இருக்கும் உரிமை இருக்கிறது.

நவம்பர் 19

எச்சரிக்கை எங்கே பார்ப்பது? ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் கீழ் டிஜிஆர்இ என்ற அமைப்பு சண்டிகரிலிருந்து மாவட்டவாரியாக, உயரவாரியாக அறிவிப்புக் கொடுக்கிறது. மணாலியில் தொடங்கிய சாசே என்ற பனிச்சரிவு ஆய்வகமும் இன்னொரு ஆய்வகமும் 2020இல் சேர்ந்து உருவானது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில் மாணா கிராமம் அருகே எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாமைப் பனிச்சரிவு மூடியது. 54 பேரில் 8 பேர் இறந்தார்கள். சமோலி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு முந்தைய மாலையே எச்சரிக்கை வந்திருந்தது.

ஒரு மாவட்டம் முழுவதற்குமான அறிவிப்பு உங்கள் கண்முன் இருக்கும் சரிவைப் பற்றிச் சொல்லாது. ஆனால் அறிவிப்பு மோசமாக இருக்கும் நாளில் கிளம்புவதற்கு எந்தக் காரணமும் போதாது.

நவம்பர் 20

கேதார்காந்தா பற்றி நேரடியாக ஒரு வரி கேட்டீர்கள். பாதையில் பெரும் பகுதி காட்டுக்குள் போகிறது, அது நல்லது. மரவரிசை முடிந்த பிறகு 3,810 மீட்டர் உச்சி வரையிலான திறந்த சரிவைத்தான் அளந்து பார்க்க வேண்டும். புதுப்பனி விழுந்து முதல் இரண்டு நாள் அங்கே கால் வைக்காதீர்கள். நடுப்பகலுக்குள் இறங்கிவிடுங்கள், வெயில் பட்ட சரிவு ஈரமானால் அது தனி ஆபத்து.

நவம்பர் 26

புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கணக்கு. சுவிட்சர்லாந்தின் விபத்துப் பதிவுகளை மறுபடி அலசிய புதிய ஆய்வில் அது பத்து நிமிடமாகக் குறைந்திருக்கிறது. அதற்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், பிறகு எண்ணிக்கை செங்குத்தாக விழுகிறது. ஓடும்போது தண்ணீர்போல் இருக்கும் பனி, நின்றதும் கான்கிரீட்போல் இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. கீழிருந்து மீட்புப் படை வர மணிக்கணக்காகும். பக்கத்தில் நடப்பவர்தான் மீட்புப் படை.

ஆளுக்கொரு டிரான்சீவர் (புதைந்தவர் எங்கே என்று ரேடியோ அலையால் காட்டும் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டு வீண். 2018இல் எங்கள் ஏழு பேரிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு இரவு

இன்று பொள்ளாச்சி போய்வந்தேன். தம்பியின் மாமாவுக்கு நார் மில் இருக்கிறது. பின்னால் தென்னை நார்த்தூள் மலைபோல் குவிந்து, மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. பனிக்கு நம் ஊரில் அதைவிட நெருக்கமான பொருள் கிடைக்காது.

ஆறு பேரும் வந்திருந்தார்கள். என்னிடம் இரண்டு டிரான்சீவர், ஈரோட்டு அண்ணன் மூன்று கொடுத்தனுப்பினார். ஒன்றைப் பையில் போட்டுக் குவியலுக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும், புதைப்பவர் இடத்தைச் சொல்லக் கூடாது. சாப்பாடு கொண்டுவந்த அம்மா "நான் புதைக்கிறேன்" என்றார்.

முதல் முறை 31 நிமிடம். கருவியில் தூரத்தைக் காட்டும் எண் குறைந்துகொண்டே வந்தபோது எல்லோரும் ஒரே இடத்தில் கூடிக்கொண்டார்கள், துழாவுகோலை யார் கோப்பது என்று தெரியவில்லை. இரண்டாவது முறை 19. தேடலில் நான்கு நிமிடம்தான் போனது, மீதி முழுவதும் தோண்டல். குழிக்கு நேர்மேலே நின்று தோண்டினார்கள், தூள் திரும்பத் திரும்ப உள்ளே விழுந்தது. அம்மாதான் பார்த்துவிட்டு, "கீழ்ப்பக்கமிருந்து பக்கவாட்டில் தோண்டுங்கள், மேலே மிதித்தால் உள்ளே இருப்பவனுக்கு மூச்சு முட்டாதா?" என்றார். எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருவது அதையேதான். ஐந்தாவது முறை 11 நிமிடம். வெயில் ஏறிவிட்டது, அதோடு நிறுத்தினோம். பத்துக்குள் வரவில்லை.

சாப்பிடும்போது என் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன், திரும்பும் அதிகாரம் யாருக்கு என்று. எல்லோரும் வழிகாட்டி என்றார்கள். வழிகாட்டியை நான் 2018இல் என்ன செய்தேன் என்று இங்கே படித்தீர்களே என்றேன். கடைசியில், ஆறு பேரில் யார் ஒருவர் சொன்னாலும், காரணம் கேட்காமல், அந்த இடத்திலேயே திரும்புவது என்று முடிவானது. குழுவில் இளையவரான கிணத்துக்கடவுப் பெண் அதை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். திரும்பும் ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 15

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே மில், காலை ஆறரை. அலுமினிய மண்வாரி இன்னும் மூன்று வேண்டும். கோவையிலோ திருப்பூரிலோ யாரிடமாவது இருந்தால் இங்கே எழுதுங்கள், பிப்ரவரியில் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். அம்மா இந்த முறை இரண்டைப் புதைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.